பக்கம் எனக்கு

ஜூன் 3, இரவு

அக்கா,

மேசை விளக்கின் மேல் துண்டைப் போட்டுவிட்டு எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே. நடுச்சுவர் எவ்வளவு மெல்லியது என்று உனக்குத் தெரியும். அப்பா புரண்டு படுத்தால் என் தலையணை வரைக்கும் கேட்கிறது.

நீ பியானோ படிக்கப் போய் இரண்டு வருடங்களில் நான் உனக்கு எழுதும் முதல் கடிதம் இது. ரயிலடியில் அப்பா உன்னிடம் சொன்னபோது நானும் பக்கத்தில்தான் நின்றேன். “மேடை ஏறினா எழுது. அதுவரைக்கும் காகிதத்தை வீணாக்காத.” நீயும் வீம்புக்காரி, ஒரு வரி எழுதவில்லை. போன மாதம்தான் உன் அட்டை வந்தது. ‘பெரியவர் கச்சேரியில் மேடை ஏறினேன். பக்கம் எனக்கு. படம் பிடித்திருக்கிறார்கள். நம் ஊர் தியேட்டருக்கும் வரும்.’ அவ்வளவுதான்.

பெரியவர் என்றால் நம் வீட்டில் யார் என்று சொல்லத் தேவையில்லை. அந்தப் பியானோ மேதையின் படம்தான் அப்பாவின் கருவிப் பெட்டி மூடியின் உள்பக்கம் இத்தனை வருடமாக ஒட்டியிருக்கிறது.

அப்பா அட்டையைப் படித்தார். மறுபடியும் படித்தார். பிறகு அம்மாவைக் கூப்பிட்டு விளக்கினார். “நாலு கை வாசிக்கறதுன்னு ஒண்ணு இருக்கு. ஒரே பியானோவுல ரெண்டு பேரு. மேல் பக்கம் ஒருத்தரு, கீழ்ப் பக்கம் ஒருத்தரு. ஒரு பக்கம் பெரியவரு. இன்னொரு பக்கம் எம் பொண்ணு.” அன்று பியானோவுக்குச் சுருதி சேர்க்கப் போன வீடுகளிலெல்லாம் அதையே சொல்லியிருக்கிறார். ரொட்டிக்கடைக்காரர், வங்கிக் காவலாளி, எங்கள் தலைமையாசிரியை, யாரையும் விடவில்லை. படம் இருபத்தோராம் தேதி, சனிக்கிழமை. நாற்பது பேருக்கு இடம் சொல்லி வைத்திருக்கிறார்.

இன்று பள்ளி விட்டதும் அந்த நாற்பது பேர் பட்டியலைத் தியேட்டரில் கொடுக்கச் சொல்லி என்னை அனுப்பினார். படம் ஓட்டுகிற மாமா சத்தம் சரிபார்ப்பதற்காகப் படத்தைப் போட்டிருந்தார். “உக்காரு பாப்பா. உங்க அக்கா வர்ற வரைக்கும் பாத்துட்டுப் போ” என்றார். அவ்வளவு பெரிய கூடத்தில் நான் ஒருத்தி மட்டும்.

முதலில் பெரியவரின் கைகள். திரை முழுக்க அவைதான். தோல் சுருங்கி, நரம்பு புடைத்து, ஆனால் விரல் விழும் இடத்தில் சந்தேகமே இல்லை. பிறகு அவர் முகம். பிறகு திரையின் ஓரத்தில் ஒரு கறுப்புத் தோள். அந்தத் தோள் எழுந்தது. எழுவதற்கு முன், பியானோவுக்குக் கீழே தெரிந்த இடது கால் கட்டைவிரல் வலது கணுக்காலைச் சொறிந்துகொண்டது. உலகத்திலேயே இதை ஒருத்திதான் செய்வாள்.

நீ எழுந்து, தாளைத் திருப்பி, உட்கார்ந்தாய். மறுபடி எழுந்து, திருப்பி, உட்கார்ந்தாய். கடைசி வரைக்கும் அதேதான். ஒரு கட்டையைக்கூடத் தொடவில்லை.

“எங்கம்மா உங்க அக்கா?” என்று மாமா மேலேயிருந்து கேட்டார். “நீங்க கவனிக்கல மாமா” என்று சொல்லிவிட்டு ஓடி வந்துவிட்டேன். அவர் சத்தத்தை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தார், நல்லவேளை.

அக்கா, நீ எழுதிய ‘பக்கம்’ தாளின் பக்கமா? அப்பா தப்பாகப் புரிந்துகொண்டாரா, இல்லை நீ அப்படிப் புரிந்துகொள்ளட்டும் என்று எழுதினாயா? அவர் நாற்பது பேருக்கு நடுவில் உட்கார்ந்து இதைப் பார்த்தால் என்ன ஆகும்?

வீட்டு முகவரிக்கு எழுதாதே. உன் கையெழுத்தைக் கண்டால் அப்பா ரொட்டிக்கடையில் வைத்தே பிரித்து உரக்கப் படிப்பார். பள்ளி நூலக முகவரிக்கு எழுது. வீட்டில் இருக்கும் ஒரே ஃபோன் எப்போதும் அவர் சட்டைப் பையில்தான்.

குருவி


ஜூன் 7

குருவிக்கு,

முதலில் ஒன்று. நான் பொய் எழுதவில்லை. அப்பா மேடை ஏறச் சொன்னார், ஏறினேன். இங்கே தாள் திருப்புகிற வேலையைப் ‘பக்கம்’ என்றுதான் சொல்வோம். “இன்னைக்குப் பக்கம் யாருக்கு?” என்று கேட்பார்கள், “எனக்கு” என்போம். எனக்கு வாய்த்த வார்த்தையை எழுதினேன். அவர் அதைக் கீழ்ப் பக்கம் மேல் பக்கம் என்று பிரித்து ஊருக்கெல்லாம் தண்டோரா போட்டால் அதற்கு நானா பொறுப்பு?

இரண்டாவது, அது சும்மா வேலை என்று நினைக்காதே. பெரியவருக்கு எண்பது வயது. எல்லாம் ஞாபகம் இருக்கிறது, ஆனாலும் தாளை வைத்துக்கொண்டுதான் வாசிப்பார். “ஞாபகம் நல்ல வேலைக்காரன்தான், ஆனா எப்ப லீவு போடுவான்னு சொல்ல முடியாது” என்பார். அவர் தலையசைத்துச் சைகை காட்ட மாட்டார். நாம்தான் வரியோடு வரியாகப் படித்துக்கொண்டே போக வேண்டும். கடைசி வரி தொடங்கும்போது எழ வேண்டும். இடது கையால் மேல் முனையைப் பிடிக்க வேண்டும், சட்டைக்கை தாளை மறைக்கக் கூடாது. வளையல், வாசனை, தும்மல், எதுவும் கூடாது. மூன்று பெண்களை மாற்றிவிட்டுத்தான் என்னிடம் நிலைத்தார்.

இதெல்லாம் அப்பாவுக்குப் புரியாது. அவர் அன்றைக்குப் படம் பார்க்கப் போகாமல் இருந்தால் போதும். ஏதாவது செய். உனக்குக் காய்ச்சல் என்று படுத்துக்கொள். நீ படுத்தால் அவர் நகர மாட்டார். மற்றவர்கள் பார்த்துவிட்டு வந்து எதையாவது சொல்லட்டும், அவர்களுக்கு என்ன தெரியும்.

யாரிடமும் வாயைத் திறக்காதே.

அக்கா


ஜூன் 10, இரவு

அக்கா,

காய்ச்சல் யோசனையை நீயே வைத்துக்கொள். எனக்குக் காய்ச்சல் வந்தால் அப்பா இருப்பார், சரி. மறுநாள் நாற்பது பேரும் வீட்டு வாசலுக்கு வந்து விசாரிப்பார்கள். அவர் காணாததை அவர்கள் கண்டிருப்பார்கள். அதைவிடக் கேவலம் வேறு வேண்டுமா?

இங்கே என்ன நடக்கிறது என்று உனக்குத் தெரியவில்லை. நேற்று அப்பாவுடன் ரொட்டிக்கடைக்குப் போனேன். கடைக்காரர் மாவுக் கையோடு எழுந்து நின்று கும்பிட்டார்.

“வாங்கண்ணே. இனிமே உங்களுக்கு ரொட்டி குடுக்கறதுக்கே எனக்குக் கூச்சமா இருக்கு.”

“அட, சும்மா இருப்பா.”

“பொண்ணு அந்த உசரத்துக்குப் போயிருச்சு. நீங்க இன்னும் என் மருமக பியானோவ முறுக்கிட்டு இருக்கீங்க.”

“முறுக்கறவன் இல்லாம வாசிக்கறவன் ஏதுப்பா?” என்று அப்பா சிரித்தார். நீ அந்தச் சிரிப்பைப் பார்த்திருக்க மாட்டாய். நானும் இதற்கு முன்னால் பார்த்ததில்லை. பின்பற்களெல்லாம் தெரிந்தன.

வங்கிக் காவலாளி மட்டும் நம்பவில்லை. “பாத்துட்டுத்தான் நம்புவேன்” என்று எல்லார் முன்னாலும் சொன்னார். “உனக்கு முன் வரிசையில இடம் போட்டிருக்கேன், கண்ணாடி போட்டுட்டு வா” என்றார் அப்பா. புதுச் சட்டை தைக்கக் கொடுத்திருக்கிறார்.

அவர் முன் வரிசையில் உட்காருவார். காவலாளி பக்கத்தில் உட்காருவார். ஒன்றரை மணி நேரம் நீ எழுந்து எழுந்து உட்காருவாய். யோசித்துப் பார்.

நான் பயந்தாங்கொள்ளி. இருட்டில் தண்ணீர் குடிக்கப் போகக்கூட உன்னைத்தான் எழுப்புவேன். ஆனால் இதைக் கேட்டுக்கொள். பதினேழாம் தேதிக்குள் அப்பாவுக்கு உன் கையால் கடிதம் வர வேண்டும், அல்லது அவருக்கு நீ ஃபோன் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் நான் சொல்லிவிடுவேன். எப்படிச் சொல்வேன் என்று எனக்கே தெரியவில்லை. ஆனால் சொல்லுவேன்.

நீ என் கேள்விக்கும் பதில் எழுதவில்லை. தெரிந்துதான் எழுதினாயா?

குருவி


ஜூன் 15

குருவி,

தெரிந்துதான் எழுதினேன்.

முதலில் ‘தாள் திருப்பினேன்’ என்று எழுதினேன். அந்த அட்டையைக் கிழித்தேன். ‘பெரியவருக்கு உதவியாக’ என்று இன்னொன்று. அதையும் கிழித்தேன். பிறகு ‘பக்கம் எனக்கு’ என்று எழுதிவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்பா அதை எந்தப் பக்கமாக எடுத்துக்கொள்வார் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் தபால் பெட்டியில் போட்டேன். போட்ட பிறகு கை உள்ளே போகுமா என்று பார்த்தேன். போகவில்லை.

போன வருடம் என்னை மூன்று பேர் வாசிக்க வைத்துக் கேட்டார்கள். அதில் தேறினால்தான் மேடைக்கான வகுப்பு. நடுவில் இருந்த பெண்மணி கெட்டவள் இல்லை, என்னைப் பார்த்துத்தான் சொன்னாள். “சுத்தமா வாசிக்கற. ஒரு தப்பு இல்ல. ஆனா உன் வாசிப்பைக் கேக்கணும்னு யாரும் மழையில பஸ் பிடிச்சு வர மாட்டாங்க.” நான் வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தேன். அவள் சொன்னது சரி என்று எனக்குப் பட்டது. அதுதான் கொடுமை. அன்றோடு நான் வாசிப்பதை விட்டுவிட்டேன். இப்போது இசைத்தாள் நூலகத்தில் வேலை. கச்சேரி இருந்தால் பக்கம்.

உனக்கு ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. அந்தக் கடைசி வரியில் எழுந்து நிற்கும்போது பெரியவர் வாசிக்கப் போவதை அவருக்கு முன்னாலேயே நான் கண்ணால் கேட்டுவிடுகிறேன். அந்த ஒரு நொடி எனக்குப் பிடித்திருக்கிறது. வாசித்த காலத்தில் எனக்கு அப்படி ஒரு நொடி கிடைத்ததில்லை. ஆனால் இதை அப்பாவிடம் எப்படிச் சொல்வது? பதினொரு வருடம் பக்கத்தில் உட்கார்ந்து, தாளம் தப்பினால் தொடையில் தட்டி வளர்த்தவரிடம்?

மூன்று முறை அவருக்கு எழுதத் தொடங்கினேன். ‘அன்புள்ள அப்பாவுக்கு’ என்பதோடு நிற்கிறது. நானே சொல்கிறேன், குருவி. ஆனால் இந்த வாரம் முடியாது. அடுத்த மாதம் லீவில் வந்து நேரில் சொல்கிறேன். அதுவரை நீ சொல்லாதே. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

அக்கா


ஜூன் 19, இரவு

அக்கா,

சொல்லிவிட்டேன்.

அடுத்த மாதம் என்று நீ எழுதியிருந்தாய். படம் சனிக்கிழமை. அடுத்த மாதம் உனக்கு வசதி, அவருக்கு இல்லை.

நேற்று முழுக்கச் சொல்ல வாய் வரவில்லை. அப்பா சாப்பிடும்போது சொல்ல நினைத்தேன், ஷூ மாட்டும்போது சொல்ல நினைத்தேன். “என்னடி, மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடற?” என்றார். அப்போதுதான் வாயால் ஆகாது என்று புரிந்தது.

இன்று சாயங்காலம் பியானோவில் உன் பழைய இசைத்தாளை எடுத்து வைத்தேன். நீ எனக்குச் சொல்லிக் கொடுத்த அந்த நீளமான உருப்படி. “அப்பா, நான் வாசிக்கறேன். பக்கம் திருப்பிக் குடுக்கறீங்களா?” என்று கேட்டேன்.

அப்பாவுக்குத் தாள் படிக்கத் தெரியாது என்பதை நாம் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. காதால் எல்லாம் தெரியும். எந்தத் தந்தி இறங்கியிருக்கிறது என்று அடுத்த அறையிலிருந்து சொல்வார். ஆனால் தாள் அவருக்கு எறும்புச் சாரை. இருந்தாலும் வந்து நின்றார். “இதென்ன பெரிய வித்தை?” என்றார்.

முதல் பக்கத்தில் தாமதமாகத் திருப்பினார், நான் நின்றுவிட்டேன். “சரி சரி, மறுபடி.” இந்த முறை இரண்டு வரி முன்னாலேயே திருப்பினார். மூன்றாவது முறை இரண்டு தாள் சேர்ந்து புரண்டது. அதைச் சரிசெய்யக் கையை நீட்டினார், சட்டைக்கை தாளை முழுக்க மறைத்தது. நெற்றியில் வேர்வை.

“நீ தலைய ஆட்டு, நான் திருப்பறேன்.”

“தலைய ஆட்டக் கூடாதுப்பா.”

“யாரு சொன்னா? நானும் எத்தன வருஷமா முறுக்கறேன், ஒரு தந்தி அறுத்ததில்ல. ஒரு காகிதம் என்ன இப்படி அலைக்கழிக்குது?”

நான் கட்டையிலிருந்து கையை எடுத்துவிட்டேன். மடிக்குள் வைத்துக்கொண்டேன்.

“அக்காவுக்குக் கிடைச்ச பக்கம் இதுதான்பா.”

அவருக்கு உடனே புரியவில்லை. தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு புரண்ட இரண்டு தாளையும் மெதுவாகப் பிரித்து, ஓரம் ஓரமாகத் தட்டி நேராக வைத்தார். அதற்கு அவ்வளவு நேரம் ஆகாது.

“அவ வாசிக்கவே மாட்டாளா?”

“இல்லப்பா.”

“ஒரு கட்டை கூட?”

“இல்ல.”

“உனக்கு எப்பத் தெரியும்?”

“மூணாந்தேதி. பட்டியல் குடுக்கப் போனப்ப பாத்தேன்.”

“அவளுக்கு எழுதினியா?” தலையசைத்தேன். “ராத்திரி வெளிச்சம் தெரிஞ்சுது. பரீட்சைக்குப் படிக்கறன்னு நெனச்சேன்” என்றார். திட்டுவார் என்று காத்திருந்தேன். கருவிப் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அந்த நேரத்தில் யார் வீட்டிலும் வேலை கிடையாது.

இன்னும் வரவில்லை. அம்மா கதவுப் பக்கமே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நீ தேறாமல் போனதையும், எழுந்து நிற்கிற அந்த நொடியையும் நான் சொல்லவில்லை. அதெல்லாம் உன்னுடையது.

இப்போது கதவுச் சத்தம் கேட்டது. வந்துவிட்டார். விளக்கை அணைக்கிறேன்.

குருவி


ஜூன் 21, இரவு

அக்கா,

உன்னிடமிருந்து பதில் வருவதற்கு முன்பே இதை எழுதுகிறேன். நீ வேறு யார் மூலமாகவும் கேள்விப்படக் கூடாது.

இன்று மத்தியானம் அப்பா முகச்சவரம் செய்துகொண்டார், புதுச் சட்டையைப் போட்டார். “நாம போகலாம்ங்க, வேண்டாம்னு தோணினா வேண்டாம்” என்று அம்மா இரண்டையும் சேர்த்துச் சொன்னாள். “நாப்பது பேரக் கூப்பிட்டுட்டு நான் வீட்ல உக்காரவா?” என்றார்.

படம் தொடங்க அரைமணி நேரம் இருக்கும்போதே போய்விட்டோம். அப்பா உள்ளே போகவில்லை. தியேட்டர் வாசலில், சீட்டுக் கிழிக்கிறவருக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். எங்களையும் உள்ளே போகச் சொன்னார். அம்மா போனாள். நான் போகவில்லை. தூணுக்குப் பின்னால் நின்றேன்.

முதலில் வந்தது தலைமையாசிரியை. அப்பா கையைக் கட்டிக்கொண்டார், அவிழ்த்தார். “அம்மா, ஒரு விஷயம். நான் சொன்னது தப்பு. எம் பொண்ணு வாசிக்கல. பெரியவருக்குத் தாள் திருப்பறா. நான்தான் அவசரப்பட்டு மாத்திச் சொல்லிட்டேன்.” குரல் பாதியில் உடைந்துவிட்டது. “பரவாயில்லைங்க” என்று சொல்லிவிட்டுத் தலைமையாசிரியை உள்ளே போய்விட்டார்.

அடுத்து ஒரு குடும்பம், ஐந்து பேர். அவர்களிடமும் அதே. அடுத்து இரண்டு பேர். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொன்னார், அக்கா. யாரையும் கூட்டமாகச் சேர்த்து ஒரே தடவையில் முடித்துக்கொள்ளவில்லை. பத்துப் பேர் தாண்டியதும் குரல் உடைவது நின்றுவிட்டது. இருபது பேர் தாண்டியதும் வேலையையே விளக்க ஆரம்பித்துவிட்டார். “கடைசி வரி வர்றப்ப எந்திரிக்கணும். முன்னாடியும் கூடாது, பின்னாடியும் கூடாது. நான் முந்தாநாள் செஞ்சு பாத்தேன். ஒரு பக்கம் ஒழுங்கா வரல.”

ரொட்டிக்கடைக்காரர் வாயைத் திறந்தபடி கேட்டார். “அப்ப பெரியவருக்குப் பக்கத்துல உக்காந்திருக்கறது நெசந்தானே அண்ணே?”

“நெசம்.”

“அது போதாதா? நான் என் பொண்டாட்டி பக்கத்துல உக்காரவே முன்கூட்டிச் சொல்லணும்.”

காவலாளி கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தார். அவரிடம் சொல்வதுதான் கஷ்டம் என்று எனக்குத் தெரியும், அப்பாவுக்கும் தெரியும். நேராகப் பார்த்துச் சொன்னார். “நீ நம்பல. நீ சொன்னதுதான் சரி.” காவலாளி ஏதோ குத்தலாகச் சொல்லத்தான் வாயெடுத்தார் போல. பிறகு, “முன் வரிசை எனக்குத்தானே? யாரையும் மாத்திரலையே?” என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போனார்.

கடைசி ஆள் போன பிறகு அப்பா தூணைப் பார்த்து, “வெளிய வா” என்றார்.

உள்ளே போய் உட்கார்ந்தோம். நீ முதல் முறை எழுந்தபோது யாரோ “அதோ, அதோ” என்றார்கள். கொஞ்ச நேரத்தில் யாரும் எதுவும் பேசவில்லை. வாசிப்பு அப்படி. மெதுவாக வரும் அந்த நடுப்பகுதியில் பெரியவரின் கை கட்டையைத் தொடுவதும் தெரியவில்லை, விடுவதும் தெரியவில்லை. அப்பா பெரியவரைப் பார்க்கவில்லை. ஓரத்தில் இருந்த உன்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பெருமையா, கோபமா என்று என்னால் சொல்ல முடியாது. நான் பக்கத்தில் இருந்தும் தெரியவில்லை.

வீட்டுக்கு நடந்து வரும்போது அம்மா, “பிள்ளை மெலிஞ்சுட்டா” என்றாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் அப்பா என்னிடம் சொன்னார். அவர் சொன்னபடியே எழுதுகிறேன், ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை.

“திருப்பறது தப்பில்ல. அதை என்கிட்ட மறைச்சதுதான். நாப்பது பேருக்கு நான் சொல்லிட்டேன். அவ ஒருத்தனுக்குச் சொல்லணும்னு எழுது.”

குருவி


ஜூன் 25

குருவி,

ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியில் வருகிறேன். ரயிலடிக்கு யாரும் வர வேண்டாம். நேராக வீட்டுக்கு வந்துவிடுவேன்.

நான் வந்ததும் நீ அம்மாவை அழைத்துக்கொண்டு கடைக்குப் போ. நீ கூட இருந்தால் உன் பின்னால் ஒளிந்துகொள்வேன். இந்த மாதம் முழுக்க அதைத்தான் செய்தேன்.

அப்பாவிடம் சொல்ல வேண்டியதை இங்கே எழுதிப் பார்க்கிறேன். இதற்கு வேறு எந்த அர்த்தமும் எடுக்க முடியாது என்று நினைக்கிறேன், நீயும் ஒருமுறை படித்துப் பார்:

‘அப்பா, நான் வாசிப்பதை விட்டுவிட்டேன். நீங்கள் சொல்லிக் கொடுத்தது போதாமல் இல்லை. என் வாசிப்புதான் போதவில்லை. பொய் சொன்னேன்.’

அக்கா